நடந்து வரும் தூரம்

வீடு பார்க்கப் போன அன்று, தரகர் சாவிக்கொத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் தரைத்தளத்து லிஃப்ட் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். பெட்டி இரண்டாம் மாடிக்கு மேலே எங்கோ அந்தரத்தில் நின்றிருந்தது. வடங்கள் நன்றாக இருந்தன. தண்டவாளங்களில் துரு இல்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பதில் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்த கண்ணுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. நோய் மேலே, மொட்டைமாடி மெஷின் அறையில், கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, மிஞ்சினால் இரண்டு.

"லிஃப்ட் ஒண்ணுதான் சார் குறை," என்றார் தரகர். "மூணு வருஷமா ஓடலை. உங்களுக்கு ஆறாவது மாடி. அதனாலதான் இந்த வாடகை. இது மட்டும் ஓடிச்சுன்னா நீங்களும் நானும் இங்க நின்னு பேசிக்கிட்டே இருக்க மாட்டோம்."

தான் என்ன வேலை செய்கிறவன் என்று அவன் சொல்லவில்லை. "ஏறிப் பாத்துடலாம்," என்று மட்டும் சொன்னான்.

அந்தப் பகுதியில் வாடகைக்கு விடப்படும் வீடுகளின் விளம்பரங்களில் எல்லாம் ஒரே வரி இருந்தது: எல்லாம் நடக்கும் தூரத்தில். பள்ளிக்கூடம், நூலகம், ரொட்டிக்கடை, சலவைக்கடை, மருந்துக்கடை என்று ஒரு மனிதனுக்கு ஒரு வாரத்தில் என்னென்ன தேவையோ அவை அத்தனையும் மரநிழல் விழும் நான்கைந்து தெருக்களுக்குள் அடங்கிவிடும். நடப்பதற்குக் காசு வேண்டாம் என்று நினைப்பவர்கள் அங்கே வீடு தேடிப் பார்க்க வேண்டும். நான்கு மாதங்களாக அவன் தேடியிருந்தான். கைக்கு எட்டிய வீடு ஒன்றுகூட இல்லை, இதைத் தவிர.

அவனுக்கு வேறு பகுதி உதவாது. விவாகரத்து முடிந்து நீதிமன்ற வராந்தாவில் நின்றபோது, மனைவியாக இருந்தவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடியபடி சொன்னாள்:

"புதனும் வெள்ளியும் எனக்கு எட்டு மணி வரைக்கும் கடை. ஸ்கூல் விட்டு அவளே நடந்து வர்ற தூரத்துல நீங்க வீடு பாத்தீங்கன்னா, அந்த ரெண்டு நாளும் அவ உங்ககிட்ட வரட்டும். எனக்கும் நிம்மதி. ஆனா பஸ் மாறி பஸ் ஏறி அலைய விட மாட்டேன். பத்து வயசு அவளுக்கு."

நியாயமான பேச்சு. அவளுடைய நியாயங்களோடு அவனால் என்றுமே சண்டை போட முடிந்ததில்லை. அவர்கள் பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பள்ளி வாசலிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு ஒன்பது நிமிடம். மகளே கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொன்ன கணக்கு. வழியில் ஒரே ஒரு சிக்னல். அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடையைத் தாண்டும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று நாக்கைத் துருத்திக் காட்டுவதற்கான அரை நிமிடமும் அந்த ஒன்பதில் சேர்த்தி. சமையலறை சன்னலிலிருந்து பார்த்தால் சிக்னல் தெரியும். அந்த இரண்டு நாட்களும் அவன் விடியற்காலை ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு மணிக்கே வீடு திரும்பி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்தச் சன்னலில் நிற்பான். மஞ்சள் பை ஒன்று தெருவைக் கடப்பது தெரிந்ததும் பாலை இறக்குவான்.

பிறகு படிக்கட்டு. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவள் வீட்டுச் சாவியால் இரும்புக் கைப்பிடியில் தட்டுவாள். ஒரே கம்பி அடியிலிருந்து உச்சிவரை ஓடியதால் தட்டியது ஆறாம் மாடியில் அவன் உள்ளங்கைக்கே கேட்கும். பதிலுக்கு அவன் தட்டுவான். இந்தத் தட்டலுக்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்தவர் ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த கண்டக்டரம்மா. முப்பத்தொரு ஆண்டுகள் நகரப் பேருந்தில் நின்றே வேலை பார்த்து, ஓய்வுபெறும்போது வந்த பணத்தில் அந்த வீட்டை வாங்கியவர். வாங்கிய மறு ஆண்டே லிஃப்ட் நின்றது. அதற்கடுத்த ஆண்டு முழங்கால்கள் நின்றன. அதன்பின் இரண்டு முறைதான் அவர் தெருவைப் பார்த்திருந்தார், இரண்டு முறையும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரிப் பயணம்.

"ஏ சில்லறை," என்று அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிடுவார். உருவம் சிறியதாக இருந்ததால் அந்தப் பெயர். "கண்டபடி தட்டக் கூடாது. ஒரு தட்டுன்னா வண்டி நிக்கணும். ரெண்டு தட்டுன்னா போகணும். மாத்தி அடிச்சே, டிரைவர் குழம்பிடுவான். உங்கப்பன் ஏற்கெனவே குழம்பினவன்."

"அப்பா டிரைவரா?"

"பின்ன? மேல உக்காந்து ஓட்டறது யாரு?"

அன்றிலிருந்து மாடிக்கு மாடி இரட்டைத் தட்டு. ஐந்தாம் மாடியில் மட்டும் ஒற்றை. அங்கே நின்று, வழியில் வாங்கி வந்த ரொட்டியைக் கண்டக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, மீதிக் காசை அவர் எண்ணாமலே உள்ளங்கையில் எடைபோட்டுச் சரி என்று சொல்வதை வியந்து பார்த்துவிட்டுத்தான் மேலே வருவாள்.

குடிவந்த இரண்டாம் மாதமே கண்டக்டரம்மா அவனைப் பிடித்தார்.

"தம்பி, நீ லிஃப்ட் மெக்கானிக்காமே? இத்தனை நாள் சொல்லவே இல்லை. கீழ் வீட்டுக்காரங்க ஒருத்தரும் காசு போட மாட்டேன்னுட்டாங்க. முதல் மாடிக்காரனுக்கு லிஃப்ட் எதுக்கு? நீயாவது ஒரு தடவை என்னன்னு பாரேன்."

அவன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "பாத்துட்டேங்க. அந்தக் கம்பெனியே இப்ப இல்லை. அதோட பார்ட்டு யாரும் செய்யறதில்லை."

புதிதாக யாரும் செய்வதில்லை என்பது உண்மை. இடிக்கப்பட்ட ஒரு விடுதியிலிருந்து கழற்றிய அதே கம்பெனியின் ரிலேக்களும் பிரேக் காயிலும் தன் பணிமனை அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை அவன் விழுங்கினான். லிஃப்ட் ஓடாததால்தான் வாடகை குறைவு. வாடகை குறைவாக இருப்பதால்தான் மகள் வருகிறாள். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியைத் தொடவும் அவனுக்குத் துணிவில்லை.

"அப்படியா," என்றார் கண்டக்டரம்மா. "என் முழங்காலும் அந்தக் கம்பெனிதான் போல."

அவரே சிரித்துக்கொண்டார். அவனும் சிரிக்க வேண்டியதாயிற்று.

மகள் பள்ளியில் மேடையிலிருந்து குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டது, அவன் குடிவந்த ஒன்பதாவது மாதத்தில். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி வாசலில் அவள் அம்மா குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"ஸ்கூலுக்கு ஆட்டோ பேசிட்டேன். உங்க வீட்டு வாசல் வரைக்கும்கூட அதுலயே வந்துடுவா. அதுக்கு மேல ஆறு மாடி?"

"நான் தூக்கிக்கிட்டுப் போறேன்."

"முதுகுவலின்னு ஏற்கெனவே பெல்ட் போட்டிருக்கீங்க. படியில தடுக்கினா ரெண்டு பேருக்கும் கட்டுப் போடணும். ஆறு வாரம்தானே, விடுங்க."

ஆறு வாரம் என்பது அவனுக்குப் புதனும் வெள்ளியுமாகப் பன்னிரண்டு நாள். எட்டு மணிவரை கடையில் இருப்பவள் அதற்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்வாள். ஏற்பாடுகள் ஒருமுறை அமைந்துவிட்டால் அசையா. மாவுக்கட்டின் மேல் மகள் ஏற்கெனவே ஒரு லிஃப்ட் படம் வரைந்து, உள்ளே இரண்டு பேரை நிற்க வைத்திருந்தாள். சங்கிலியைத் தொடக் கூடாது என்று ஒன்பது மாதம் காத்தவன், அந்த மாவுக்கட்டைப் பார்த்த கணத்தில் அதை மறந்தான். அல்லது மறக்கத் தன்னை அனுமதித்துக்கொண்டான்.

மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பழைய பாகங்களை வாங்கினான். ஒரு சனியும் ஒரு ஞாயிறும் மெஷின் அறையில் குந்தி உட்கார்ந்திருந்தான். மூன்று ரிலே, பிரேக் காயில், எலி கடித்த வயர். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆய்வாளரை அழைத்துவந்து சான்றிதழ் ஒட்ட வைத்தார். பழுது நீக்கியவன்தான் முதல் சவாரி போக வேண்டும் என்பது அவன் தொழிலில் எல்லோரும் கடைப்பிடித்துவந்த வழக்கம். தன் வேலைக்குத் தன் உயிரையே சாட்சியாக வைப்பது. தனியாக ஏறி, தரைவரை இறங்கி, மறுபடி ஆறுவரை ஏறினான். ஒரு குலுக்கல்கூட இல்லை. வெகு நாட்களுக்குப் பிறகு அவனுக்குத் தன் கைகள்மீது பெருமையாக இருந்தது.

புதன்கிழமை மகள் ஊன்றுகோலோடு லிஃப்டில் வந்தாள். வெள்ளிக்கிழமை கண்டக்டரம்மா இறங்கினார். சேலைக்கு மேல் பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே," என்று மகளை நகர்த்தி ஏறினார். கதவு சாத்தியதும் இரண்டு முறை சுவரில் தட்டினார். தெருவுக்கு வந்ததும், ரொட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனோடு லிஃப்டில் திரும்பி ஏறும்போதுதான் கேட்டார்.

"இத்தனை நாள் அந்தப் பார்ட்டு எங்க தம்பி இருந்துச்சு?"

"இப்பத்தான் கிடைச்சுது," என்றான்.

"ஓ," என்றார். ஐந்தாம் மாடி வந்திருந்தது.

வீட்டு உரிமையாளர் அடுத்த மாதமே வந்தார். லிஃப்டில் வந்ததால் மூச்சு வாங்காமல், கைகுலுக்கியே பேச்சைத் தொடங்கினார்.

"நீங்கதான் சரி பண்ணீங்களாமே. பொன்னான கை சார்." பிறகு புது ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார். வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது.

"இது எப்படிங்க..."

"லிஃப்ட் இல்லைன்னுதானே குறைச்சுக் கொடுத்தேன்? இப்ப இருக்கே."

"அதை ஓட வச்சதே நான்தான்."

"அதனாலதான் சார் உங்ககிட்ட முதல்ல வந்தேன். வெளியில ஒரு வார்த்தை விட்டா நாளைக்கே மூணு பேர் வாசல்ல நிப்பாங்க. நடந்தே எல்லாம் கிடைக்கிற இடம். யோசிச்சுச் சொல்லுங்க, மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும் கடைசி வாரத்துக்குப் பட்டினிதான். இருந்தும் அவன் மூன்று வாரம் அந்தத் தெருக்களில் நடந்தான். மாடிப்படிக்கடியில் இருந்த ஓர் அறையைக்கூடக் கேட்டுப் பார்த்தான். அதை மிதிவண்டி நிறுத்த ஒருவர் ஏற்கெனவே பிடித்திருந்தார்.

மகளிடம் மறைக்க முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது அவன் திரும்பிப் பார்க்காததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டுப் பிரித்த மெலிந்த காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, அதைத் திரும்பக் கெடுத்துடேன்."

"எதை?"

"லிஃப்டை. உனக்கு ஒரு ஸ்க்ரூதானே? என் கால்தான் சரியாயிடுச்சே. நான் ஏறி வந்துடுவேன்."

"கண்டக்டரம்மா?"

அவள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். "முன்ன மாதிரி நானே ரொட்டி வாங்கிட்டு வர்றேன். தினமும் வேணும்னாலும் வாங்கிட்டு வர்றேன். சனி, ஞாயிறுகூட."

"போடி பைத்தியம்," என்று சொல்லி அவள் தலையைக் கலைத்துவிட்டான். ஆனால் மறுநாள் மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு மெஷின் அறைக் கதவைத் திறந்தவன் அவன்தான்.

மின்சாரத்தை நிறுத்துமுன் பெட்டி காலியா என்று பார்க்க வேண்டும்; பிறகு மாடிக்கு மாடி குரல் கொடுத்து யாருக்காவது அவசரமா என்று கேட்க வேண்டும். பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தருவது இது. பெட்டி காலியாக இருப்பதை அவன் பார்த்தான். குரல் கொடுக்கவில்லை, பதினெட்டு ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. செய்யப்போவதை எந்தக் குரலில் அறிவிப்பது? ஒரு ரிலேயைக் கழற்றினான். தூசி படியக் கூடாதென்று கை தன்பாட்டில் அதைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது. பிறகு, "மறுபடி போயிடுச்சு," என்று செயலாளரிடம் சொல்வதற்காகப் படியிறங்கினான். சொல்லப்போகும் முகத்தை ஒவ்வொரு மாடியிலும் சரிசெய்துகொண்டே இறங்கினான்.

தரைத்தளத்தில், கடைசிப் படியில், கண்டக்டரம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ரொட்டிப் பை. ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"வண்டி பிரேக்டவுன் போல தம்பி. அரை மணியா பட்டனை அமுக்கறேன். ரெண்டு படி ஏறிப் பாத்தேன், கால் இதோட சரின்னுடுச்சு."

 அவருடைய பார்வை அவன் முகத்திலிருந்து இறங்கி, புடைத்திருந்த சட்டைப்பையில் நின்றது. கைக்குட்டை விலகி, உள்ளே செம்பு மின்னியது. டிக்கெட் எடுக்காதவனின் முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடித்துப் பழகிய கண்கள் அவை.

"பார்ட்டு கிடைச்சுதா தம்பி?" என்றார்.

கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பான். அதே படிக்கட்டில், அவருக்கு இரண்டு படி மேலே, உட்கார்ந்துவிட்டான். வாடகையைச் சொன்னான். புதனையும் வெள்ளியையும் சொன்னான். பணிமனை அலமாரியையும் சொன்னான். அவர் திரும்பிப் பார்க்காமல், தெருவாசலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"குழந்தைக்காகத்தானே?"

"ம்."

"அப்ப வந்த அன்னைக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா. 'அம்மா, நீங்க கீழ இறங்கினா என் பொண்ணு மேல வர முடியாது'ன்னு ஒரு வார்த்தை. நான் உக்காந்திருப்பேன். யாருக்கும் சொல்லாம, என் இஷ்டத்துக்கு உக்காந்திருப்பேன். இப்ப பாரு, ஒன்பது மாசம் நீ என்னை உக்கார வச்சதா ஆயிடுச்சு."

ரொட்டிப் பையின் வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டார். பிறகு, விலை பேசுபவரைப் போலச் சொன்னார்: "வேணும்னா இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. என்னை மேல கொண்டு விட்டுட்டுக் கழட்டிக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஆறு மாடியையும் அவன் ஓட்டமாக ஏறினான். ரிலேயை மாட்டும்போது ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது. தரையில் தவழ்ந்து தேடி எடுத்தான். வழக்கப்படி முதல் சவாரியைத் தனியாக இறங்கி வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவன் தோளைப் பற்றி எழுந்த கண்டக்டரம்மா உள்ளே வந்து நின்றார். அன்று அவர் சுவரில் தட்டவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதில்லை என்று அன்று மாலையே உரிமையாளருக்குச் சொல்லிவிட்டான். கிடைத்த வீடு நகரத்தின் மறுகோடியில், தரைத்தளத்தில். இரண்டு பஸ், நடுவில் ஒரு நெடுஞ்சாலை. மருந்துக்கடைக்குப் போய் அவள் அம்மாவிடம் சொன்னபோது, அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வேற எதுவுமே இல்லையா? நல்லாத் தேடினீங்களா?"

"தேடிட்டேன்."

கத்தரிக்கோல் வேண்டியதற்கும் மேலாக இரண்டு மாத்திரையைத் தாண்டி வெட்டிவிட்டது. "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள். "என்னால முடியாது. ரெண்டு நாளும் கண்ணாடிக்கு வெளியில நாக்கைத் துருத்திட்டுப் போவா. நானும் அதைப் பாத்துட்டுத்தான் சாயங்காலத்தை ஓட்டினேன்."

கடைசி வெள்ளிக்கிழமை அவன் சன்னலில் நின்றான். மஞ்சள் பை சிக்னலைக் கடந்தது. பாலை இறக்கிவிட்டு லிஃப்ட் வாசலுக்கு வந்தான். பெட்டி வரவில்லை. கைப்பிடிக் கம்பியில் இரட்டைத் தட்டு அதிர்ந்தது. நீண்ட இடைவெளி. மறுபடி இரட்டைத் தட்டு. இன்னும் முழுதாக ஆறாத கணுக்காலோடு அவள் படியேறி வந்துகொண்டிருந்தாள். லிஃப்டில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். ஐந்தாம் மாடியில் ஒற்றைத் தட்டு. கண்டக்டரம்மாவின் கதவு திறந்து மூடிய சத்தம். பிறகு அவள் மேலே வந்து சேர்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பதினேழு நிமிஷம்," என்றாள்.

மூட்டை கட்டிய பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பாலைக் குடித்தார்கள். அவன் அவளுடைய காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டான்.

"அந்த வீட்டுல லிஃப்ட் இருக்கா?"

"இல்லை. தரைத்தளம்."

"அப்ப ஏறவே வேண்டாம்."

"வேண்டாம்."

"ஸ்கூல்ல இருந்து எவ்வளவு நேரம்?"

அவன் கட்டைவிரல் அவள் கணுக்காலில் நின்றது. "நடந்து வர முடியாதுடா கண்ணு."

"ரொம்ப வேகமா நடந்தா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். அவள் காலி டம்ளரைக் கழுவப் போனாள். பாத்திரங்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால், கழுவியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.  கடைசியில் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எட்டு மணிக்கு அவள் அம்மா கீழே வந்து நின்றாள். மகள் படியிறங்கினாள். இறங்கும்போது தட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. அன்று தட்டினாள்: மாடிக்கு மாடி இரண்டு, இரண்டு. அவன் ஆறாம் மாடியில் கைப்பிடிமேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றான். அதிர்வு ஒவ்வொரு தளத்திலும் மெலிந்துகொண்டே போனது. ஐந்தாம் மாடியில் கதவு இந்த முறை திறக்கவில்லை. ஆனால் உள்ளே விளக்கு எரிவது படிக்கட்டில் விழுந்த கோட்டில் தெரிந்தது.

தரைத்தளத்திலிருந்து ஒற்றைத் தட்டு வந்தது.

அவன் காத்திருந்தான். இன்னொன்று சேர்ந்து வரும் என்று நினைத்தான். வரவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒன்றே ஒன்று, முன்னதைவிட அழுத்தமாக. கீழே தெருக்கதவு திறந்தபடி இருந்தது. அவள் அம்மா ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது.

அவன் சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தான். மறுநாள் காலையில் உரிமையாளரிடம் கொடுக்க வேண்டிய சாவி. அதைக்கொண்டு கம்பியில் தட்டினான். ஒன்று. கையை உடனே தூக்க முடியவில்லை. பிறகு, இரண்டு.